ஏழாம் வகுப்பு முடித்த மகளுக்குக் கோடையில் என்ன புத்தகம் கொடுப்பது?

கேள்வி இதுதான். மகள் ஏழாம் வகுப்பு முடித்திருக்கிறாள், மகன் ஐந்து முடித்து ஆறு போகிறான். இருவரும் ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ்தான் பேச்சு, ஆனால் தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் இரண்டு பக்கத்தில் மூடிவைத்துவிடுகிறார்கள். பள்ளியில் பத்துப் புத்தகங்களின் பட்டியலைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் சுருக்கம் எழுதி ஜூன் மாதம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கும் ஒன்றரை மாதத்தில் எதை, எப்படி வாசிக்கவைப்பது என்று அம்மா கேட்கிறார்.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பல வருடம் தமிழ் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். புத்தகப் பெயர்களைக் கீழே தருகிறேன். அதற்கு முன் உங்கள் மகள் ஏன் இரண்டாம் பக்கத்தில் மூடிவைக்கிறாள் என்று பார்த்துவிடலாம். அது தெரியாமல் புத்தகம் வாங்கினால் அலமாரிதான் நிறையும்.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு தமிழ்க் கதையில் அரைப் பக்கத்தை அவளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திருத்த வேண்டாம், முகத்தைச் சுளிக்கவும் வேண்டாம், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: ‘போய்க்கொண்டிருந்தவனைப் பார்த்ததும்’ என்பது போன்ற நீளமான சொல் வரும்போது பாதியில் நிற்பாள், திரும்ப முதலிலிருந்து கூட்டுவாள். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. யார் என்ன செய்தார் என்பது வாக்கியம் முடியும்போதுதான் தெரியும். முடிவுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆரம்பம் மறந்துபோனால் கதை எப்படிப் பிடிக்கும்? அவளுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. கதை ஓடவேண்டிய வேகத்தில் கண் ஓடவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் பேசும் தமிழ் வேறு, அச்சில் இருக்கும் தமிழ் வேறு. ‘வந்துட்டான்’, ‘பாத்துக்கிட்டிருந்தேன்’ என்று பேசுகிறவள் ‘வந்துவிட்டான்’, ‘பார்த்துக்கொண்டிருந்தேன்’ என்று படிக்க வேண்டியிருக்கிறது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு அறிவியல், சமூக அறிவியல், கணக்கு எல்லாமே எழுத்துத் தமிழில் வருவதால் அது தானாகப் பழகிவிடுகிறது. ஆங்கில வழியில் படிப்பவளுக்கு ஒரே ஒரு பாடப்புத்தகம், நாளுக்கு ஒரு பீரியடு. அதிலும் பாதி நேரம் கேள்வி பதில் எழுதுவதில் போய்விடும். அதனால் பன்னிரண்டு வயதில் அவளுடைய தமிழ் வாசிப்பு நான்காம் வகுப்பு அளவில் நின்றிருக்கலாம். இதே பெண் ஆங்கிலத்தில் ஒரு விம்பி கிட் புத்தகத்தை ஒரே மாலையில் முடித்துவிடுவாள் என்று நினைக்கிறேன். ஆக, வாசிக்கும் பழக்கமே இல்லை என்று திட்டுவதில் நியாயம் இல்லை.

அதனால் இந்தக் கோடைக்கு ஒரே ஒரு வேலை வையுங்கள்: தமிழில் ஓட்டம் வரவேண்டும். இலக்கியச் சுவை, நல்லொழுக்கம், பொது அறிவு எல்லாம் அப்புறம். சைக்கிள் பழகும்போது முதலில் குரங்குப் பெடல்தான். எடுத்த எடுப்பில் யாரும் ஏற்காட்டு மலைப்பாதையில் ஏற்றிவிடுவதில்லை. ஓட்டம் வருவதற்கு அவள் வயதுக்கு ஒரு படி கீழே இருக்கும் புத்தகங்கள் நிறைய வேண்டும். ‘இதெல்லாம் சின்னப் பிள்ளைங்க புக்’ என்று அவளே வெட்கப்படுவாள் என்பதுதான் சிக்கல். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

முதலில் காமிக்ஸ். முகம் சுளிக்காதீர்கள். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972 முதலும் லயன் காமிக்ஸ் 1984 முதலும் வந்துகொண்டிருக்கின்றன. முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. உங்கள் அப்பாவைக் கேட்டால் அந்தப் பெயருக்கே முகம் மலரும். காமிக்ஸில் ஒரு பலூனுக்குள் பத்துப் பதினைந்து சொற்கள்தான். யார் பேசுகிறார், என்ன நடக்கிறது என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. வாக்கியத்தின் பாதியில் தடுக்கினாலும் கதை கைவிட்டுப் போகாது. லக்கி லூக் கதைகளில் தொடங்கலாம், சிரிப்புக்குக் குறைவில்லை. ஒரு எச்சரிக்கை: அதே பதிப்பகம் பெரியவர்களுக்கான கிராஃபிக் நாவல்களும் போடுகிறது. அட்டையைப் பார்த்து மொத்தமாக அள்ளிக்கொண்டு வராமல், உள்ளே ஒருமுறை புரட்டிவிட்டு வாங்குங்கள்.

செலவில்லாமல் தொடங்க வேண்டுமென்றால் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. தமிழில் நிறையக் கதைகள், எல்லாம் இலவசம், படி வாரியாகப் பிரித்தவை. மூன்றாம், நான்காம் படிகள் உங்கள் மகளுக்குச் சரியாக இருக்கும். சிலவற்றில் மொழிபெயர்ப்பு நெருடும், அதைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை தன் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைப் போட்டது. பிள்ளைகளின் பேச்சுக்கு நெருக்கமான நடை. அரசுப் பள்ளிகளுக்காக வந்தவை அவை. தெரிந்த ஆசிரியர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். அதே துறை ஆறு முதல் ஒன்பது வரையான வகுப்புகளுக்கு நடத்தும் ‘தேன்சிட்டு’ இதழையும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டு, மூன்று வாரம் இப்படிப் போனபிறகு கொஞ்சம் நீளமானவற்றுக்கு வரலாம்.

இந்த இடத்தில் நான் எப்போதும் முதலில் எடுத்துக் கொடுப்பது ‘டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி’. ஜப்பானில் 1981 இல் வந்தது, எழுதியவர் டெட்சுகோ குரோயாநாகி, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. சேட்டை தாங்காமல் முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு சிறுமி, ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாக வைத்திருக்கும் இன்னொரு பள்ளியில் சேர்கிறாள். முதல் நாளே தலைமையாசிரியர் அவளை உட்காரவைத்து நான்கு மணி நேரம் அவள் பேசுவதைக் கேட்கிறார். அத்தனையும் ஆசிரியரின் சொந்த வாழ்க்கை. ஆசிரியர் பயிற்சிகளில் பெரியவர்கள் இந்தப் புத்தகத்தைக் கொண்டாடிக் கொண்டாடி அது ஏதோ கல்விக் கொள்கை நூல் மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகள் கையில் கொடுத்தால் அது வெறும் வேடிக்கையான புத்தகம். நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது: அத்தியாயங்கள் மிகச் சிறியவை, பெரும்பாலும் இரண்டு மூன்று பக்கங்கள். மெதுவாக வாசிக்கிற பிள்ளையும் ஒரே உட்காரலில் ஒன்றை முடித்துவிட்டு, முடித்தோம் என்ற தெம்போடு எழுந்திருக்கலாம்.

உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைப் பின்னணியாகக் கொண்ட சிறார் நாவல். 2023 ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. விடுமுறையில் மதுரைப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போவதாக இருந்தால், போவதற்கு முன் இதை வாசிக்கவைத்துவிட்டு அப்படியே கீழடிக்கு அழைத்துப் போங்கள். அங்கே 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். புத்தகத்தில் படித்ததைக் கண்ணாடிப் பேழைக்குள் பார்க்கும் பிள்ளை போடும் சத்தம் தனி. காவலர் வந்து ‘உஷ்’ என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ உங்கள் மகளுக்குச் சரியான வயதில் கிடைக்க வேண்டிய புத்தகம். பேசும் மரப்பாச்சி பொம்மை ஒன்றை வைத்து, தவறான தொடுதல் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்ற கடினமான விஷயத்தைப் பயமுறுத்தாமல் சொல்கிறது. நீங்களும் அதை வாசித்திருங்கள். அவள் வந்து பேசினால் பேசுவதற்கு ஆள் வேண்டும்.

இரா. நடராசனின் ‘ஆயிஷா’வைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சின்னப் புத்தகம், கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு மாணவியின் கதை. ஆனால் அதன் முடிவு துயரமானது, அந்தப் பெண் இறந்துபோகிறாள். எட்டாம் வகுப்புப் போகிற பிள்ளை படிக்கலாம், படிக்கவும் வேண்டும். தனியாக விட்டுவிட்டு நீங்கள் ஆபீஸ் போகும் நாளில் மட்டும் வேண்டாம். தம்பிக்கு இப்போது தேவையில்லை. அறிவியல் பிடிக்கிற பிள்ளைகள் என்றால் அதே ஆசிரியரின் ‘விஞ்ஞான விக்ரமாதித்தன் கதைகள்’ இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் ‘துளிர்’ மாத இதழும் இருக்கிறது. பழைய துளிர் இதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள். அதில் சொல்லும் சோதனைகளை வீட்டிலிருக்கும் சாமான்களை வைத்தே செய்து பார்க்கலாம். செய்முறையைப் படிப்பதும் வாசிப்புதானே.

‘குட்டி இளவரசன்’ வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்த அழகான மொழிபெயர்ப்பு. ஆனால் மெல்லிசான புத்தகம் எளிதான புத்தகம் ஆகிவிடாது. என் வகுப்பில் அதைக் கொடுத்தபோது பிள்ளைகள் யானையை விழுங்கிய மலைப்பாம்பின் படத்தை ரசித்தார்கள், அதற்குமேல் போகவில்லை. பதினைந்து வயதில் திரும்பி வரட்டும்.

அடுத்தது பொன்னியின் செல்வன். எல்லா வீட்டிலும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ ‘நான் ஏழாங்கிளாஸ்லயே அஞ்சு பாகத்தையும் முடிச்சேன்’ என்பார். இருக்கலாம். அன்று அவருக்குப் போட்டியாகக் கையில் கைபேசி இல்லை. ஐந்து பாகங்களை மேசையில் அடுக்கிவைத்தால் எந்தப் பிள்ளையும் ஓடிப்போகும். ஆனால் கதைக்குள் இழுத்துவிடலாம். முதல் அத்தியாயத்தின் தொடக்கம் வர்ணனை, கொஞ்சம் மெதுவாகப் போகும். அதை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்களே வாசித்துக் காட்டுங்கள். வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வரைக்கும் உங்கள் பொறுப்பு. இரண்டாம் அத்தியாயத்தில் ஆழ்வார்க்கடியான் வந்து சண்டை போட ஆரம்பித்ததும் குரலை மாற்றி நாடகம் போல வாசியுங்கள். 1950 இல் கல்கி இதழில் வாரத் தொடராக ஆரம்பித்த கதை என்பதால் அத்தியாய முடிவில் எல்லாம் ஒரு கொக்கி இருக்கும். அந்தக் கொக்கியில் நிறுத்திவிட்டு ‘தூக்கம் வருது, நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விளக்கை அணைத்துவிடுங்கள். மறுநாள் அவளே எடுத்தால் சரி. எடுக்காவிட்டால் இன்னும் இரண்டு வருடம் போகட்டும், நஷ்டமில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, அதனால் தமிழ் நூல்களை மின்னூலாக்கி வைக்கும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். காசு கொடுத்து வாங்கிய குற்ற உணர்ச்சியும் இருக்காது.

இப்படி வாசித்துக் காட்டுவதைக் கதை சொல்லித் தூங்கவைக்கும் வயதோடு நிறுத்திவிடுகிறோம். பன்னிரண்டு வயதுக்குத்தான் அது இன்னும் தேவை என்பது என் எண்ணம். மேலே சொன்ன ‘வந்துட்டான்’, ‘வந்துவிட்டான்’ இடைவெளியைக் கண்ணைவிடக் காது சீக்கிரம் தாண்டிவிடும். எழுத்துத் தமிழ் நாலு வாரம் காதில் விழுந்துவிட்டால், பக்கத்தில் பார்க்கும்போது அது அந்நியமாகத் தெரியாது.

எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டம் முதன்முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான், 1948 இல். கிளை நூலகத்துக்குப் போனால் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மேசைகளை நிறைத்திருப்பார்கள். குழந்தைகள் புத்தகங்கள் ஏதோ ஒரு மூலையில், கீழ்த்தட்டில் இருக்கும். தயங்காமல் நூலகரைக் கேளுங்கள். உறுப்பினர் அட்டையை மகள் பெயரிலேயே எடுங்கள், அந்த அட்டைக்கு ஒரு மவுசு உண்டு. சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் இருந்தால் கலைஞர் நூற்றாண்டு நூலகம், இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஒரு முழு நாளை அங்கேயே கழிக்கலாம், குளிர்ச்சியாகவும் இருக்கும்.

பள்ளிப் பட்டியலுக்கு வருவோம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகளை எழுதினார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே பத்துப் புத்தகம் என்பது இதற்கு நேர் எதிர். இது வெறும் கொள்கை இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃப்ரான்சன் இருவரும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மூன்று கோடைகள் தொடர்ந்து, கோடைக்கு 12 புத்தகம் கொடுத்துப் பார்த்து 2010 இல் முடிவை வெளியிட்டார்கள். புத்தகம் கிடைத்த பிள்ளைகள் வாசிப்புத் தேர்வில் மற்றவர்களைவிட மேலே இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் உங்கள் மகளைவிடச் சின்னவர்கள், மொழியும் ஆங்கிலம். இருந்தாலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: புத்தகங்களைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். சினிமா நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகங்களைக்கூட எடுத்தார்கள், யாரும் தடுக்கவில்லை.

அதற்காகப் பள்ளியோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. பட்டியலிலிருந்து அவளே மூன்றைப் பொறுக்கட்டும். மீதி ஏழுக்குப் பதிலாக அவள் தேர்ந்தெடுத்ததைப் படித்து எழுதலாமா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் சரி என்பார்கள். உண்மையில் வாசித்து எழுதிய நோட்டைப் பார்ப்பது எங்களுக்கும் ஆறுதல்தான்.

சுருக்கம் எழுதவைக்கும் பாவத்தை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோடைக்கு எல்லாரும் ஐந்து புத்தகம், ஐந்து சுருக்கம் என்று சொல்லி அனுப்பினேன். ஜூனில் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தால் ஏழு நோட்டில் ஒரே பத்தி, ஒரே எழுத்துப் பிழையோடு. அந்தப் பிழை புத்தகத்தின் பின்னட்டையில் அச்சுக்கோத்தவர் செய்தது. பிள்ளைகள் அதை மாற்றாமல் அப்படியே காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அன்றிலிருந்து எழுதச் சொல்வதை விட்டுவிட்டேன். படித்த புத்தகத்தில் பிடித்த ஒரு பக்கத்தை வகுப்பில் வாசித்துக் காட்டு, அல்லது எந்தப் பக்கத்தில் ஏன் நிறுத்தினாய் என்று சொல், இவ்வளவுதான். ஏன் நிறுத்தினேன் என்று சொல்வதில் பிள்ளைகள் காட்டிய விமர்சனத் திறமை நம் பத்திரிகைகளில்கூட வராது. உங்கள் மகள் எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் ஐந்து நிமிடம் உங்களிடம் வாயால் கதையைச் சொல்லட்டும், அன்றே எழுதிவிடட்டும். மே கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் அது வாசிப்பு முழுவதையும் கசக்கவைத்துவிடும்.

நேரம் என்று பார்த்தால், மத்தியானம் இரண்டு மணிக்குமேல் வெயிலில் யாரும் வெளியே போக முடியாது. அந்த நேரத்தில் அரை மணி போதும். அப்போது வீட்டில் இருக்கும் எல்லாருடைய கைபேசியும் ஓரமாகப் போகவேண்டும், அப்பாவுடையதும் சேர்த்து. முதல் வாரம் அரை மணியில் நான்கு பக்கம் நகர்ந்தால் பெரிய விஷயம். மே நடுவில் எட்டு, பத்து என்று போகும். பக்கத்தை எண்ணிக் குறித்துவைக்காதீர்கள், எண்ண ஆரம்பித்தால் அதுவும் ஹோம்வொர்க் ஆகிவிடும். முப்பது பக்கம் போயும் பிடிக்காத புத்தகத்தை வைத்துவிடலாம் என்ற சலுகையை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். நாம் மட்டும் பிடிக்காத படத்தை இடைவேளையில் விட்டுவிட்டு வருவதில்லையா?

கடைசியில் சொல்கிறேன் என்ற வழி தம்பியிடம் இருக்கிறது. ஸ்டோரிவீவர் கதைகளையும் படி புத்தகங்களையும் அவளுக்கு என்று வாங்காதீர்கள். ‘தம்பிக்குத் தமிழ் வரமாட்டேங்குது, தினமும் பதினைந்து நிமிஷம் நீ படிச்சுக் காட்டு’ என்று அவளிடம் பொறுப்பைக் கொடுங்கள். வயதுக்குக் கீழே இருக்கும் புத்தகத்தை வெட்கமில்லாமல் சத்தமாக வாசிக்க அவளுக்கு இதைவிட நல்ல சாக்குக் கிடைக்காது. வாசித்துக் காட்ட வேண்டுமே என்று முன்கூட்டியே ஒருமுறை தனியாகப் படித்தும் பார்த்துக்கொள்வாள். நம் பையன் தப்பைக் கண்டுபிடிப்பதற்காகவே பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். பத்து நாளில் ‘நீ தப்பா படிக்கிற, குடு நான் படிக்கிறேன்’ என்று புத்தகத்தைப் பிடுங்க ஆரம்பிப்பான். அந்தச் சண்டையில் மட்டும் நீங்கள் தலையிடாதீர்கள்.